கழுத்தில் ஒரு தழும்பு: தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின்னான நாட்கள்

(நூற்றாண்டு விழாவின் சுகாதார அமர்வில், ஒரே வகுப்பில் படித்த பழைய மாணவியர் ஐவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

எங்களைப் பேச அழைத்தபோது பாடசாலை நினைவுகளைத்தான் பேசுவதாக இருந்தோம். பிறகு, அதைப் பேச எங்களைவிடக் கெட்டிக்காரிகள் பலர் இருக்கிறார்கள், நாங்கள் மட்டுமே பேசக்கூடிய ஒன்றைப் பேசுவோம் என்று முடிவுசெய்தோம். நாங்கள் ஐந்து பேர் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த ஐவரில் நால்வருக்குக் கழுத்தின் முன்பக்கம் ஒரு கோடு இருக்கிறது. தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்த தழும்பு. ஐந்தாமவள் தாதி. ஒருத்தி தம்பிலுவிலிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஒருத்தி அக்கரைப்பற்றிலிருந்து படிக்க வந்தவள். ஒருத்தி இப்போது ரொறன்ரோவில். ஒருத்தி விநாயகபுரத்தில் ஆசிரியை. பெயர் சொல்லாமல் ஊரைச் சொல்லியே பேசுகிறோம். முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே வாங்கில் நால்வரா என்று ஆச்சரியப்படுவீர்கள். தைரொயிட் நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். நம் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. அதன் பின் அயடீன் குறைவால் வரும் கண்டக்கழலை குறைந்தது. ஆனால் கட்டிகள், அளவுக்கு மீறிச் சுரத்தல், புற்றுநோய் என்று வேறு காரணங்களுக்காக இந்தச் சத்திரசிகிச்சை தொடர்ந்து நடக்கிறது. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் தைரொயிட் புற்றுநோய் இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், அதில் பெரும்பாலான வகைகள் சுகமாக்கக் கூடியவை.

சத்திரசிகிச்சையும் இப்போது பயப்படும்படியானது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைச் செய்துகொண்டவர்கள் பலர் இரத்தப்போக்கால் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கோச்சர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஒவ்வொரு இரத்தக்குழாயாகப் பொறுமையோடு கட்டிக்கட்டி, அந்த இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். அவருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வெட்டுவது பற்றி நாங்கள் பேசவில்லை. அது நிபுணர்களின் வேலை. வெட்டிய பிறகு வரும் நோவையும் சத்தியையும் பற்றிப் பேசுகிறோம். அதில் பாதி வேலை நம்முடையது.

முதலில் எங்கள் தம்பிலுவில்காரியின் கதை. எங்களில் முதலில் கத்திக்குப் போனவள் அவள்தான். பதினாறு வருடங்களுக்கு முன், ஊரைவிட்டுத் தூரத்தில் ஒரு வைத்தியசாலை. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. அன்றிரவு நான்கு தரம் சத்தி எடுத்தாள். ஒவ்வொரு தரமும் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழும்பிவிடுவார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு, சத்தத்தை விழுங்கி விழுங்கி எடுத்தாள். நான்காவது தரத்துக்குப் பிறகு கழுத்து இறுகத் தொடங்கியது. தாலிக்கொடியை யாரோ பின்னால் நின்று இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது என்பாள். மிஸ்ஸி அப்போது வாட்டின் மறுகோடியில் வேறொரு நோயாளியோடு நின்றார். ‘அவ வேலையா நிக்கிறா, விடியட்டும்’ என்று இவள் எழும்பிக் குந்திக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான உம்மா ஒருவர் தண்ணீர் குடிக்க எழும்பியவர், இவளைப் பார்த்து, ‘என்ன மகள்?’ என்று கேட்டார். இவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த உம்மா போட்ட கூக்குரலில்தான் எல்லோரும் ஓடிவந்தார்கள். கழுத்துக்குள் இரத்தம் கசிந்து, உறைந்து, மூச்சுக்குழாயை நெரித்திருந்தது. அந்த இரவிலேயே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து காப்பாற்றினார்கள்.

மறுநாள் வைத்தியர் கேட்டாராம், ‘ஏன் அம்மா கூப்பிடவில்லை?’ என்று. ‘கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு நினைச்சன்’ என்று கடதாசியில் எழுதிக் காட்டினாளாம்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நாங்கள் இன்று இந்த மேடையில் நிற்கிறோம். கரைச்சல் கொடுக்கக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டும், பெண்பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று நம்மை வளர்த்தார்கள். சூறாவளியையும் சண்டையையும் சுனாமியையும் பொறுத்துக் கடந்தவர்கள் நாம். அந்தப் பொறுமை வாட்டில் நமக்கு உதவாது. சத்திரசிகிச்சைக்குப் பின் நோவும் சத்தியும் அனுபவித்தே தீரவேண்டியவை அல்ல. அவை வைத்தியம் செய்யப்பட வேண்டியவை, நாம் சொன்னால்தான் அது நடக்கும்.

சத்தி ஏன் வருகிறது என்பதை எங்கள் தாதி விளக்கியபடி சொல்கிறோம். மயக்க மருந்தும், நோவுக்குக் கொடுக்கும் மோர்பீன் வகை மருந்துகளும் மூளையில் சத்தியைத் தூண்டும் இடத்தைத் தொடுகின்றன. கழுத்துச் சத்திரசிகிச்சை தொண்டைப் பக்கத்து நரம்புகளையும் கிளறிவிடுகிறது. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், தைரொயிட் சத்திரசிகிச்சை செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் குமட்டலோ சத்தியோ வரும். சத்தி எடுக்க முக்கும்போது கழுத்து நாளங்களில் அழுத்தம் ஏறுகிறது. புதிதாகக் கட்டிய குழாய் ஒன்று அப்போது கசியத் தொடங்கலாம். மற்றச் சத்திரசிகிச்சைகளில் சத்தி வெறும் உபத்திரவம். கழுத்தில் அது அதைவிடப் பெரிய விஷயம்.

யாருக்குச் சத்தி வரும் என்று முன்கூட்டியே கணிக்க மயக்க மருந்து நிபுணர்கள் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். அப்பெல் என்ற வைத்தியர் 1999இல் வகுத்த கணக்கு அது. நீங்கள் பெண்ணா? புகைக்காதவரா? பஸ் பயணத்தில் தலைசுற்றிச் சத்தி எடுப்பவரா, அல்லது முந்தைய சத்திரசிகிச்சைக்குப் பின் சத்தி எடுத்தவரா? சத்திரசிகிச்சைக்குப் பின் மோர்பீன் வகை மருந்து தேவைப்படுமா? ஒன்றுக்கும் ‘ஓம்’ இல்லையென்றால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரும். ஒன்றுக்கு ‘ஓம்’ என்றால் இருபது, இரண்டுக்கு நாற்பது, மூன்றுக்கு அறுபது, நான்குக்கும் என்றால் எண்பது. கணக்குப் பார்த்தீர்களா? இந்த மண்டபத்தில் இருக்கும் நாம் அநேகமாக எல்லோரும் இரண்டு ‘ஓம்’ உடன்தான் தொடங்குகிறோம். சுற்றுலா போனபோது பஸ்ஸின் முன் ஆசனத்தில் பொலித்தீன் பையோடு இருந்தவர்கள் மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் சத்தி வரும் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சின்ன விஷயம் என்று நினைத்தோம். அவருக்கு அதுதான் முக்கியமான தகவல். அதைக் கேட்டதும் அவர் செய்யக்கூடியவை பல. வாயுவுக்குப் பதிலாக நாளத்தால் செலுத்தும் மயக்க மருந்தைப் பாவிக்கலாம். டெக்ஸாமெதசோன், ஒண்டன்செட்ரோன் போன்ற ஊசிகளைச் சத்திரசிகிச்சையின்போதே போடலாம். வெட்டும் இடத்தில் விறைப்பு ஊசி போட்டு, பின்னர் தேவைப்படும் மோர்பீனைக் குறைக்கலாம். உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், டெக்ஸாமெதசோன் இரத்தச் சீனியைக் கூட்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசை, வீட்டில் குடிக்கும் நாட்டு மருந்து, எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதி வைத்தியசாலைகளில் சிங்களம் பேசும் வைத்தியர்களும் தாதியரும் பணிபுரிகிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் நடுச்சாமத்தில் மொழிபெயர்க்க ஆள் இருக்காது. இரண்டு வசனம் பாடமாக்கிக்கொண்டு போங்கள். நோகிறது என்றால் ‘ரிதெனவா’. மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’. அதுவும் வராவிட்டால் கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பக்கத்துக் கட்டில்காரரோடு பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள். அந்த உம்மாவை நாங்கள் மறக்கவில்லை.

இனி நோவு. தமிழில் நோவுக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று பாருங்கள்: குத்து, உளைவு, எரிவு, இறுக்கம், விறைப்பு, கொதி. வைத்தியரிடம் வெறுமனே ‘நோகுது’ என்று சொல்லாமல் எந்த இடம், எந்த மாதிரி என்று சொன்னால் மருந்து சரியாக வரும். எங்கள் நால்வருக்கும் மூன்று விதமாக நொந்தது. ஒன்று, வெட்டுக்காயத்தின் எரிவு. நாங்கள் பயந்த அளவுக்கு அது இருக்கவில்லை. இரண்டு, தொண்டை நோவு. மயக்கத்தில் சுவாசக் குழாய் வைத்ததால் வருவது. எச்சில் விழுங்கவே குத்தும், சில நாட்களில் தானாகப் போய்விடும். மூன்று, பிடரி உளைவும் தலையிடியும். இது யாரும் எங்களுக்கு முன்பே சொல்லாதது. சத்திரசிகிச்சையின்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தை நீட்டி வைப்பதால் வருகிறது. அக்கரைப்பற்றுக்காரி இதற்குப் பயந்து, மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு நாள் அழுதாள். தோளையும் பிடரியையும் ஒத்தடம் கொடுத்துத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது.

நோவுக்கு அடிப்படை மருந்து நம் எல்லோருக்கும் தெரிந்த பனடோல்தான், அதாவது பரசிற்றமோல். நாங்கள் விட்ட பிழை, நோவு உச்சத்துக்கு ஏறியபின் அதைத் தேடியது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, வைத்தியர் சொன்ன இடைவெளியில், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுங்கள். வளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணிக்கு ஒருதரம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் இன்னும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், வைத்தியரைக் கேளுங்கள். தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். டைகுளோபெனக் போன்றவற்றை வீட்டில் கிடக்கிறதே என்று எடுக்கவேண்டாம். சிலருக்கு இரத்தக்கசிவு, வயிற்றுப்புண், இழுப்பு வரலாம். கொடீன், ட்ரமடோல் ஆகியவை நோவைக் குறைக்கும், ஆனால் குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும். ட்ரமடோல் எடுத்த ஒவ்வொரு தரமும் எங்கள் ரொறன்ரோக்காரிக்குப் பிரட்டியது. அதைச் சொன்னதும் வைத்தியர் மருந்தை மாற்றினார். அவள் சொல்லும்வரை, அது சத்திரசிகிச்சையால் வரும் பிரட்டல் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

குமட்டலுக்கு வாட்டில் செய்யக்கூடிய சில கைவேலைகள்: தலைமாட்டை உயர்த்திப் படுங்கள், கழுத்து வீக்கத்துக்கும் அது நல்லது. எழும்பும்போது பிடரிக்குப் பின்னால் இரண்டு கையையும் கோர்த்துத் தலையைத் தாங்கிக்கொண்டு, மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி எழும்புங்கள். சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், பிரட்டும். முதலில் ஒரு மிடறு தண்ணீர், அது தங்கினால் இன்னொரு மிடறு, பிறகு கஞ்சித் தண்ணீர், ரஸ்க். மணிக்கட்டின் உட்பக்க மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் பலருக்குக் குமட்டல் தணிகிறது. இது ஆய்விலும் பயன் காட்டிய முறை. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை மூக்கருகே பிடித்து மெதுவாக மூச்சிழுப்பதும் அப்படியே, மிஸ்ஸியிடம் கேளுங்கள். இவை எல்லாம் ஊசி வரும்வரைக்கான கைம்மருந்து. சத்தி வரும்போல் இருந்தால், வருவதற்கு முன்பே கூப்பிடுங்கள்.

உடனே கூப்பிட வேண்டிய அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்து வீங்குவது, இறுகுவது, மூச்சு முட்டுவது, மூச்சில் சத்தம் வருவது, விழுங்க முடியாமல் போவது, குரல் திடீரென மாறுவது. இப்படிக் கழுத்துக்குள் இரத்தம் கட்டுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள். வந்தால் நிமிடக் கணக்கு. எழும்பி நிமிர்ந்து இருந்துகொண்டு கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் என்றால் மற்ற யோசனை இல்லாமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கே போங்கள். தொலைவில் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: இரண்டாம் மூன்றாம் நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால், கை கால் குறண்டினால், அது நரம்புத் தளர்ச்சி அல்ல, கல்சியம் குறைந்திருக்கிறது. தைரொயிட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சின்னப் பராதைரொயிட் சுரப்பிகள் சத்திரசிகிச்சையில் சோர்ந்துபோவதால் வருவது. அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வீட்டுக்கு வரும் பயணமும் ஒரு சோதனை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒவ்வொரு தரிப்பிலும் பிறேக் போட்டுக்கொண்டு பஸ் வரும்போது கழுத்து என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். முடிந்தால் வாகனம் பிடியுங்கள். முன் ஆசனம், கழுத்துக்கு மடித்த துவாய், பட்டி காயத்தில் படாமல் ஒரு சிறு தலையணை, புறப்பட அரை மணிக்கு முன் வைத்தியர் தந்த சத்திக் குளிசை.

வீட்டில் குளிசைகளின் நேரம் முக்கியம். சுரப்பி முழுவதையும் எடுத்தவர்களுக்குத் தைரொக்சின் வாழ்நாள் துணை. அதை வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி. கல்சியக் குளிசைக்கும் அதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் இந்த நேரங்களை மாற்றி அமைப்பது பற்றி வைத்தியரோடு பேசுங்கள். குனிந்து சுஜூது செய்வது, குனிந்து கூட்டுவது, கோலம் போடுவது, கிணற்றில் தண்ணீர் இழுப்பது, எல்லாம் சில கிழமைகளுக்கு ஒத்திவைக்க வேண்டியவை. அக்கரைப்பற்றுக்காரி கதிரையில் இருந்தபடியே தொழுதாள். அதே நேரம் கழுத்தை மரக்கட்டைபோல் வைத்திருக்கவும் கூடாது. வைத்தியர் அனுமதித்ததும் மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பழகினால் பிடரி உளைவு சீக்கிரம் போகும். பார்க்க வருகிறவர்கள் அதிகம் பேச வைப்பார்கள். குரல் களைத்தால், சைகை காட்டிச் சிரித்து விடுங்கள்.

கடைசியாக விநாயகபுரத்துக்காரி. கடந்த வருடம் தனக்கும் திகதி கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் குழுவில் எழுதினாள். மற்ற மூவரும் எங்கள் தாதியும் சேர்ந்து, இங்கே சொன்ன அத்தனையையும் அவளுக்குச் சொன்னோம். அவள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனாள். முதல் வரி: ‘எனக்கு பஸ்ஸில் சத்தி வரும்.’ மயக்க மருந்து வைத்தியர் வாசித்துவிட்டுத் தலையசைத்தாராம். அன்றிரவு ஒருதரம் பிரட்டியது, கூப்பிட்டாள், ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டாள். விடிய எங்களுக்கு வந்த செய்தி ஒரு வரிதான்: ‘மூன்று தரம் மிஸ்ஸியைக் கூப்பிட்டுவிட்டேன், ஒருவரும் ஏசவில்லை.’

தம்பிலுவில்காரி அதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினாள், ‘நல்லது. நான் கூப்பிடாததையும் சேர்த்து நீ கூப்பிட்டிருக்கிறாய்’ என்று.

வகுப்பில் விடை தெரிந்தும் கையை உயர்த்தாமல் இருந்தவர்கள் நாங்கள். ‘தெரிந்தால் சொல்லு, தெரியாவிட்டால் கேளு, பேசாமல் இருக்காதே’ என்று எங்களைத் திரும்பத் திரும்ப எழுப்பிவிட்ட ஆசிரியைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். டீச்சர், கொஞ்சம் பிந்தித்தான் எங்களுக்கு அது விளங்கியது.

இந்த மலரை எங்கோ ஒரு நாட்டில், சத்திரசிகிச்சைக்குத் திகதி வாங்கிவிட்டு வாசித்துக்கொண்டிருக்கும் தங்கைக்கு: பயப்படாமல் போய் வா. துண்டை எழுதிக்கொண்டு போ. நோகும்போது சொல்லு, பிரட்டும்போது கூப்பிடு. குரல் தேறியதும் எங்களுக்கு ஒரு கோல் எடு. நாங்கள் ஐவரும் காத்திருப்போம்.